வைரஸை உடம்பு எப்படி அடையாளம் காண்கிறது? ஒரு வாளிக் கேள்விகளும் பதில்களும்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வைரஸ் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தலைமையாசிரியை நோட்டுத் தாளைக் கிழித்து எல்லோருக்கும் கொடுத்து, பெயர் எழுத வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதுங்கள் என்றார். பத்தே நிமிடத்தில் ஒரு எவர்சில்வர் வாளி நிறைந்துவிட்டது. அங்கே பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை வீட்டுக்கு எடுத்து வந்து, தெருவிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் என்னிடம் கேட்கப்படுகிறவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. சில வருடம் வைரஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள்.

வைரஸ், பாக்டீரியா எல்லாம் ஒன்றுதானே? எல்லாமே கிருமிதானே?

கிருமி என்று ஒரே பையில் இரண்டையும் போட்டுவிட்டோம். பாக்டீரியா ஒரு முழு உயிர். தானே தின்னும், தானே இரண்டாகப் பிரியும். தயிரை உறைய வைப்பதும் அதுதான். வைரஸ் என்பது டி.என்.ஏ.விலோ ஆர்.என்.ஏ.விலோ எழுதிய ஒரு செய்முறைக் குறிப்பு, அதைச் சுற்றி ஒரு உறை, அவ்வளவே. வெளியே கிடக்கும்போது அதனால் எதுவும் செய்ய முடியாது. நம் செல்லுக்குள் புகுந்தால், அந்தச் செல்லின் பட்டறையை வைத்தே தன்னைப் போல ஆயிரக்கணக்கில் செய்ய வைக்கும். டெங்கு வைரஸின் குறிப்பு ஏறக்குறைய 11,000 எழுத்து. கரோனாவுடையது சுமார் 30,000. டெங்கு வைரஸின் குறுக்களவு 50 நானோமீட்டர். 6 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு அரிசியின் மேல் வரிசையாக அடுக்கினால் 1,20,000 நிற்கும்.

ஆன்டிபயாடிக் மாத்திரை, பாக்டீரியாவின் சுவரையோ பட்டறையையோ கெடுப்பது. வைரஸுக்கு இரண்டும் கிடையாது. மெடிக்கலில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கி இரண்டு வேளை போட்டு நிறுத்தும் அந்த மாத்திரையால் வைரஸ் காய்ச்சலுக்கு ஒரு பயனும் இல்லை.

உள்ளே வந்தது வைரஸ்தான் என்று உடம்புக்கு எப்படித் தெரியும்?

வாளியில் அதிகம் இருந்த கேள்வி இதுதான். உண்மையைச் சொன்னால், முதல் சில மணி நேரத்தில் உடம்புக்கு அது டெங்குவா, சளியா, கரோனாவா என்றெல்லாம் தெரியாது. ஏதோ ஒன்று இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

செருப்பு வாசலில் கிடந்தால் யாரும் கவனிப்பதில்லை. பூஜையறையில் கிடந்தால் வீடே எழுந்துவிடும். செல்லுக்குள்ளும் இப்படித்தான். டி.என்.ஏ. இருக்க வேண்டிய இடம் உட்கரு. அதற்கு வெளியே, செல்லின் நீர்மப் பகுதியில் டி.என்.ஏ. தட்டுப்பட்டால் ஒரு புரதம் உடனே மணி அடிக்கும். ஆர்.என்.ஏ. அந்த நீர்மத்தில் எப்போதும் இருக்கிற பொருள்தான்; ஆனால் நம் செய்தி ஆர்.என்.ஏ.வின் முனையில் பேனா மூடி மாதிரி ஒரு மூடி உண்டு. பல வைரஸ்களின் ஆர்.என்.ஏ. மொட்டை முனையோடு திரியும். ரிக்-ஐ என்ற புரதத்தின் வேலையே அந்த மொட்டை முனையைத் தேடுவது. சில வைரஸ்கள் நம் மூடியைப் போலவே ஒன்றைச் செய்து மாட்டிக்கொண்டு தப்பப் பார்க்கின்றன என்பது வேறு கதை.

இந்தக் காவல்காரர்களைக் கண்டுபிடிக்க உதவியது, கனிந்த வாழைப்பழத் தாரைச் சுற்றி மொய்க்குமே, அந்தப் பழ ஈ. 1996இல் பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர், டோல் என்ற மரபணு கெட்டுப்போன ஈக்கள் பூஞ்சைத் தொற்றைத் தாங்காமல் செத்துப்போவதைக் காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து, அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் எலியிலும் அதே வகைக் காவல் புரதம் இருப்பதைக் கண்டார். நம் உடம்பிலும் இருக்கிறது. இருவருக்கும் 2011இல் நோபல் பரிசு. அவர்களோடு பரிசு பெற்ற ரால்ஃப் ஸ்டைன்மன் அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு இறந்துபோயிருந்தார். நோபல் குழுவுக்கு அது தெரியாது. பரிசை மாற்றவில்லை.

மணி அடித்த பிறகு, தொற்றிய செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரக்கும். அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அது எச்சரிக்கை: கதவைச் சாத்து, பட்டறையை மெதுவாக ஓட்டு. 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் இதைக் கண்டுபிடித்தார்கள். காய்ச்சல் வந்த முதல் நாள் "அடித்துப் போட்ட மாதிரி இருக்கு" என்கிறோமே, அந்த வலியில் பெரும்பங்கு இந்த எச்சரிக்கைப் பொருள்களுடையது. கல்லீரல் அழற்சிக்கு மருந்தாக இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, எந்தக் காய்ச்சலும் தொற்றாமலே அதே உடம்புவலி வந்தது.

வைரஸ் செல்லுக்குள்ளே போய் ஒளிந்துகொண்டால் வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது?

எங்கள் தெருவுக்குக் காலையில் குப்பை எடுக்க ஒரு அக்கா வருவார். யார் வீட்டில் விருந்தாள், யார் வீட்டில் காய்ச்சல், யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. யார் வீட்டுக்குள்ளும் அவர் நுழைந்தது கிடையாது. வாளியைப் பார்ப்பார், போதும்.

நம் செல்களும் தினமும் குப்பை போடுகின்றன. உள்ளே செய்த புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, எட்டுப் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துணுக்குகளை ஒரு தட்டில் ஏந்தி மேற்பரப்பில் காட்டும். அந்தத் தட்டுதான் எம்.எச்.சி. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் ஒவ்வொரு வாசலாகத் தட்டைப் பார்த்துக்கொண்டே போகும். சுத்த சைவ வீட்டு வாளியில் மீன் முள் கிடந்தால்? உள்ளே வேறு யாரோ சமைக்கிறார்கள். டி செல் அந்தச் செல்லையே கொன்றுவிடும்; வைரஸின் பட்டறையும் அதோடு போகும்.

1974இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் எலிகளை வைத்து ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஒரு வைரஸுக்குப் பழகிய டி செல், அதே வைரஸ் தொற்றிய வேறு இன எலியின் செல்லைத் தொடவே இல்லை. மீன் முள்ளை மட்டும் பார்த்தால் போதாது, அது தனக்குத் தெரிந்த தட்டில் இருக்க வேண்டும் என்று புரிந்தது. 1996இல் நோபல்.

வைரஸ் சும்மா இருக்குமா? சைட்டோமெகலோ போன்ற ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்கள், தட்டு வெளியே வராதபடி உள்ளேயே தடுத்துவிடும். குப்பை போட்டால்தானே மாட்டுவோம்! ஆனால் அதற்கும் உடம்பில் ஆள் இருக்கிறது. இயற்கைக் கொல்லி செல் என்று ஒன்று, தட்டே காணாத செல்லைத் தேடும். "மூணு நாளா இந்த வீட்டுலருந்து குப்பையே வரலையே" என்று அந்த அக்கா நின்று கதவைத் தட்டுவாரே, அதே சந்தேகம்தான். வைரஸ் தட்டைக் காட்டினாலும் வம்பு, மறைத்தாலும் வம்பு. நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இதுவரை உலகத்திலேயே இல்லாத வைரஸுக்குக்கூட ஆன்டிபாடி வருகிறதே, எப்படி?

பிளஸ் டூ புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று இருப்பதுதான் ஆன்டிபாடி; வைரஸின் மேல் ஒட்டிக்கொள்ளும் புரதம். வைரஸ் வந்த பிறகு அளவெடுத்துத் தைப்பதாகத்தான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் கல்லூரிக்குப் போகும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

மதுரைப் புதுமண்டபத்தில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ரெடிமேட் சட்டைகள் கயிற்றில் தொங்கும். யாருக்கு என்று தெரியாது. எல்லா அளவிலும் தைத்து வைத்திருப்பார்கள். பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களும் அப்படித்தான். ஒவ்வொரு பி செல்லும் சில மரபணுத் துண்டுகளைக் கலைத்துப் போட்டு, தனக்கென்று ஒரு வடிவத்தில் ஆன்டிபாடி செய்து மேலே மாட்டிக்கொண்டு சுற்றும். சில நூறு துண்டுகள்தான். ஆனால் இணைக்கிற விதத்தில் கோடிக்கணக்கான வடிவம் வரும். இந்தக் கலைத்தலைக் கண்டுபிடித்த சுசுமு டோனெகாவாவுக்கு 1987இல் நோபல். புது வைரஸ் வந்ததும், அந்தக் கோடியில் ஏதோ ஒன்றிரண்டுக்குச் சுமாராகப் பொருந்தும். பொருந்திய பி செல் மட்டும் பெருகும். பெருகும்போதே இங்கே கொஞ்சம் பிடித்து, அங்கே கொஞ்சம் தளர்த்தி, பொருத்தம் கூடிக்கொண்டே போகும்.

இது நடக்கிற இடம் நிணநீர்க் கணு. அந்தப் பெயர் தெரியாமலே நம் ஊர்க் கிழவிகளுக்கு அந்த இடம் தெரியும். சின்ன வயதில் என் காலில் கருவேல முள் குத்திப் புண்ணானது. அப்பத்தா புண்ணைப் பார்க்கவில்லை. தொடை இடுக்கில் விரலை வைத்து அமுக்கிப் பார்த்து, "நெறி கட்டியிருக்கு, ரெண்டு நாள் ஓடாத" என்றாள். முள் குத்தியது பாதத்தில், வீங்கியது இடுக்கில். அன்று உள்ளே வந்தது பாக்டீரியாவாகத்தான் இருக்கும். ஆனால் தொண்டையில் வைரஸ் என்றால் கழுத்தில் நெறி கட்டுவதும் இதே காரணத்தால்தான். அங்கே செல்கள் பெருகுகின்றன.

பெருகியதில் ஒரு பகுதி நினைவு செல்லாகத் தங்கும். 1918 ஃபுளூவில் பிழைத்த 32 பேரின் இரத்தத்தை 90 வருடம் கழித்து எடுத்துச் சோதித்தார்கள். அந்த வைரஸைப் பிடிக்கும் ஆன்டிபாடி அப்போதும் இருந்தது.

டெங்கு ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி வராதுதானே? எங்கள் அண்ணனுக்கு இரண்டாவது முறைதான் மோசமாக இருந்தது.

டெங்குவில் நான்கு வகை இருக்கின்றன. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு நெடுங்காலப் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்கும் சில மாதம்தான். அதற்குப் பிறகு நடப்பது கொஞ்சம் கொடுமை.

பழைய ஆன்டிபாடி புது வகையைப் பார்க்கும். அரைகுறையாகப் பொருந்தும். ஒட்டிக்கொள்ளும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. ஆன்டிபாடி ஒட்டியதை விழுங்குவது சில வெள்ளை அணுக்களின் வழக்கம். டெங்கு வைரஸ் பெருக விரும்புவதும் அதே வெள்ளை அணுவுக்குள்தான். ஆக, நம் ஆன்டிபாடியே வைரஸைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போய் விடுகிறது. 1960களில் பாங்காக்கில் வேலை பார்த்த ஸ்காட் ஹால்ஸ்டெட், இரண்டாவது தொற்றில்தான் நோய் கடுமையாகிறது என்று கவனித்து இதைச் சொல்ல ஆரம்பித்தார். பிலிப்பைன்ஸில் 2016இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு டெங்கு தடுப்பூசி போட்டார்கள். அதற்குமுன் டெங்குவே வராத பிள்ளைகளுக்கு அந்த ஊசியே "முதல் தொற்று" மாதிரி வேலை செய்து, பிறகு உண்மையான டெங்கு வந்தபோது ஆபத்தைக் கூட்டியது. 2017இல் திட்டத்தை நிறுத்தினார்கள். டெங்கு தடுப்பூசி ஏன் இவ்வளவு இழுபறி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

உங்கள் அண்ணனுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் ஒன்று: டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். "காய்ச்சல் விட்டுருச்சு" என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் என்றால் உடனே போங்கள். உடம்புவலிக்கு புரூஃபென், ஆஸ்பிரின் வேண்டாம்.

முதல் நாள் எடுத்த டெங்கு டெஸ்டில் இல்லை என்று வந்தது, ஒரு வாரம் கழித்து இருக்கிறது என்றார்கள். லேப் தப்பா?

தப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு வேறு டெஸ்டுகளை ஒரே பெயரில் சொல்கிறோம். என்.எஸ்.1 என்பது வைரஸ் செய்கிற புரதம். காய்ச்சலின் முதல் நான்கைந்து நாள்தான் நன்றாகத் தெரியும். ஐ.ஜி.எம். நாம் செய்கிற ஆன்டிபாடி. பொருந்திய பி செல் பெருகி அதைச் சுரக்க ஏறக்குறைய ஐந்து நாளாகும். முதல் நாள் ஐ.ஜி.எம். பார்த்தால் இல்லை என்றுதான் வரும். சீட்டில் எது எழுதியிருக்கிறது, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று பாருங்கள்.

நாய் கடித்த பிறகு ஊசி போடுகிறார்களே. தடுப்பூசி முன்கூட்டியே போடுவதுதானே?

நல்ல கேள்வி. ரேபிஸ் வைரஸ் இரத்தத்தில் ஊர்வலம் போவதில்லை. கடித்த இடத்திலிருந்து நரம்புக்குள் நுழைந்து மூளையை நோக்கி நகரும். நரம்புக்குள் போய்விட்டால் காவல்காரர் கண்ணில் ஏறக்குறைய படாது; உடம்பு அதை அடையாளம் காணும்போது காலம் கடந்திருக்கும். ஆனால் பயணத்துக்குப் பெரும்பாலும் வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் ஊசி போட்டு ஆன்டிபாடியை முந்திக்கொள்ள வைக்கிறோம். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் ஊசி முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள். கடி தோலைக் கிழித்து இரத்தம் வந்திருந்தால், வேறு உடம்பில் தயாரான ஆன்டிபாடியைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவார்கள், நம்முடையது வரும்வரை சமாளிக்க.

அதற்கெல்லாம் முன்னால், சோப்பு. பதினைந்து நிமிடம், ஓடுகிற தண்ணீரில். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பில் கரையும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

அம்மை வந்தவர்களுக்கு மறுபடி வராது என்கிறார்களே. அக்கி என்பது என்ன?

சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸ். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, ஆத்தா போய்விட்டாள் என்று நினைக்கிறோம். வைரஸ் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் பல வருடம் தூங்கும். டி செல்களின் காவல் தளரும் வயதில் எழுந்து, ஒரே நரம்பின் வழியாகத் தோலுக்கு வரும். அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக வருகிறது.

என் பெரியப்பாவுக்கு இடுப்பில் வந்தபோது மானாமதுரைப் பக்கம் கூட்டிப் போனார்கள். மண்பாண்டம் செய்யும் வேளார் ஒருவர், காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றி எழுதினார். குளிர்ச்சியாக இருக்கிறது என்றார் பெரியப்பா. இருந்திருக்கும். ஆனால் வைரஸை அடக்கும் மாத்திரையை கொப்புளம் வந்து மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அவர் டாக்டரிடம் போனது எட்டாம் நாள். நரம்புவலி இரண்டு வருடம் இருந்தது. எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு.

மணல்வாரி அம்மை இன்னொரு ரகம். அந்த வைரஸ் நினைவு செல்களையே தாக்கும். 2019இல் வந்த ஆய்வில், தடுப்பூசி போடாத பிள்ளைகளுக்கு மணல்வாரி வந்து போனபின், மற்ற கிருமிகளுக்காக அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடியில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது.

நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட என்ன சாப்பிடலாம்?

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கடைசியில் இதுதான். 2020இல் மதுரையில் முகக்கவச வடிவில் பரோட்டா போட்டார்கள்; அதுவாவது சிரிக்க வைத்தது. அதே சமயம் "இம்யூனிட்டி" என்று எழுதி விற்காத பொடியும் சாறும் இல்லை, அதுதான் சிரிப்பாக இல்லை.

எனக்கு அந்தச் சொல்லின் மேலேயே கொஞ்சம் வருத்தம் உண்டு. சக்தி என்றதும் பேட்டரி மாதிரி ஏற்றலாம், இறக்கலாம் என்று தோன்றிவிடுகிறது. மேலே சொன்னதெல்லாம் அடையாளம் காணும் வேலை. சில வகை மூட்டுவாதத்திலும் தைராய்டு நோயிலும் சக்தி குறையவில்லை. சொந்த வீட்டையே அந்நியமென்று நினைத்துவிடுகிறது. சாப்பாடு முக்கியம்தான்: புரதமும் விட்டமினும் இல்லாமல் செல் பெருகாது. தூக்கமும் வேண்டும். ஆனால் பசியில்லாத வீட்டில் கூடுதலாக ஒரு பொடி கரைத்துக் குடித்து டி செல்லுக்குக் கண் தெளிவாகிவிடாது. ஒரு குறிப்பிட்ட வைரஸை முன்கூட்டியே காட்டி வைக்க நம்மிடம் இருக்கும் வழி தடுப்பூசி.

வாழைக்கும் வைரஸ் வருமாமே, அதற்கும் ஆன்டிபாடி உண்டா?

சிறுமலைக்காரர் பிள்ளை யாரோ எழுதியது என்று நினைக்கிறேன். திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையின் வாழையை 1970களில் காலி பண்ணியது முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ். இலைகள் உச்சியில் கொத்தாகச் சுருங்கி நிற்கும், தார் வராது.

வாழைக்கு ஆன்டிபாடியும் கிடையாது, டி செல்லும் கிடையாது. ஆனால் கத்தரிக்கோல் உண்டு. இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கண்டால் செடியின் புரதம் அதை 21 முதல் 24 எழுத்துத் துண்டுகளாக நறுக்கும். அந்தத் துண்டையே மாதிரியாக வைத்து, அதே எழுத்துள்ள வைரஸ் செய்தியை எல்லாம் தேடி வெட்டும். வைரஸும் கத்தரியை மழுக்கும் புரதங்களை வைத்திருக்கிறது. முடிக்கொத்தில் பெரும்பாலும் வைரஸ்தான் ஜெயிக்கிறது. அதனால்தான் வைரஸ் இல்லை என்று சோதித்த திசு வளர்ப்புக் கன்றை நடச் சொல்கிறார்கள்.

நீட் எழுதாமல் இந்தத் துறைக்கு வர முடியுமா?

வரலாம். நுண்ணுயிரியல், விலங்கியல், உயிர்வேதியியல், எதில் வேண்டுமானாலும் பி.எஸ்சி. படியுங்கள். மேற்படிப்புக்கு ஜாம், கேட்-பி என்று தேர்வுகள் உண்டு. பல்கலைநகரில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம் பக்கத்திலேயே இருக்கிறது.

நீங்க வைரஸை நேர்ல பாத்திருக்கீங்களா?

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் இல்லை. தினமும் பார்த்தது அது போட்ட ஓட்டையைத்தான்.

ஆய்வகத் தட்டில் குரங்கின் சிறுநீரகச் செல்களை வளர்ப்போம். ஊற்றுகிற திரவம் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும். மஞ்சளானால் செல்கள் திரவத்தைப் புளிக்க வைத்துவிட்டன, மாற்ற வேண்டும். டெங்கு வந்து போனவரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை, அதாவது ஆன்டிபாடி உள்ள தெளிந்த நீரை, 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுத்து, வைரஸோடு கலந்து, செல்களின் மேல் விடுவோம். கூழ் போன்ற ஒன்றை ஊற்றி மூடி, 37 டிகிரிப் பெட்டியில் ஒரு வாரம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கிறதா என்று ராத்திரியில் ஓடியதெல்லாம் உண்டு. கடைசி நாள் கூழைக் கழுவிவிட்டுக் கத்தரிப்பூ நிறச் சாயம் ஊற்றுவோம். உயிரோடிருக்கும் செல்கள் சாயம் ஏறி நிற்கும். வைரஸ் தின்ற இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு வைரஸில் தொடங்கியது.

மதுரையிலேயே இதற்கு வேறொரு வழியும் வைத்திருந்தார்கள். சின்னச்சொக்கிக்குளத்தில் 1980களில் தொடங்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தில், வயல்வெளிக் கொசுக்களில் மூளைக்காய்ச்சல் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, அவற்றை அரைத்து வடிகட்டி, டாக்சோரிங்கைட்டஸ் என்ற பெரிய கொசுவுக்கு ஊசி போட்டு ஏற்றுவார்கள். அந்தக் கொசு மனிதரைக் கடிக்காது. அதன் உடம்பில் வைரஸ் பெருகியதா என்று பிறகு ஒளிரும் ஆன்டிபாடி வைத்துப் பார்ப்பது.

சீரம் கலக்காத தட்டில் ஐம்பது புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீரம் கலந்த தட்டில் ஐந்து. மீதி நாற்பத்தைந்தையும் அந்த மனிதரின் ஆன்டிபாடி அடையாளம் கண்டுவிட்டது. தட்டைக் கவிழ்த்து, ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிடுவோம்.